சுற்றிப் போகாதீர்கள், இறங்கித் தள்ளுங்கள்

பெங்களூரின் தெற்கு ஓரத்துக் காட்டுக் குன்றுகளில் சைக்கிள் ஓட்டும் தமிழ் நண்பர்களுக்கு,

வணக்கம்.

துரஹள்ளிக் காட்டின் சுற்றுப்பாதையில் தைலமரங்கள் முடிந்து பாறை தொடங்கும் ஏற்றத்தில், படிகள் போலக் கற்கள் துருத்திக்கொண்டிருக்கும் இடத்தை உங்களில் பலர் அறிவீர்கள். அந்தக் கல்படிகளுக்கு இடப்புறத்தில் இப்போது ஒரு புதுத் தடம் விழுந்திருக்கிறது. சென்ற மழைக்காலத்துக்கு முன்பு அங்கே புல்லும் முட்செடியும் இருந்தன. இன்று வெறும் செம்மண் தெரிகிறது. அதற்கும் இடப்புறத்தில் இன்னொன்று தொடங்கியிருக்கிறது. ஆடு மேய்ப்பவர்களோ விறகு பொறுக்குபவர்களோ போட்ட தடங்கள் அல்ல இவை. படியில் ஏறவும் முடியாமல், வண்டியை விட்டு இறங்கவும் மனமில்லாமல், ஓரமாக வளைத்துக்கொண்டு போன சைக்கிள்கள் போட்டவை. டயரின் பல் பதிந்த அடையாளம் அங்கே தெளிவாக இருக்கிறது.

அந்தத் தடங்களில் இனி யாரும் ஓட்டக் கூடாது, இப்படி இன்னொன்றை எங்கேயும் போடக் கூடாது என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடல்.

தமிழில் எழுதக் காரணம் உண்டு. ஞாயிறு விடியற்காலையில் அந்தக் காட்டின் வாசலில் நின்றால் என் காதில் தமிழ் நிறைய விழுகிறது. அல்சூரில் தலைமுறைகளாக வாழும் குடும்பங்களின் பிள்ளைகள், ஓசூரிலிருந்து காரின் பின்னால் வண்டியைக் கட்டிக்கொண்டு வருபவர்கள், மென்பொருள் வேலைக்காகச் சேலத்திலிருந்தும் நெல்லையிலிருந்தும் வந்து இங்கேயே வேர்விட்டவர்கள் என்று எத்தனையோ பேர். புதிதாக வரும் ஒருவரைக் கூடவே இருந்து அழைத்துச் செல்வதில் நம்மவர்களுக்கு இருக்கும் அக்கறை பெரியது. "தம்பி, இந்தப் பக்கமாக வந்துவிடு, எளிதாக இருக்கும்" என்று அந்த இடப்புறத் தடத்தைக் காட்டுவதும் அந்த அக்கறையில்தான். அந்த ஒரு வாக்கியத்தை மாற்றிக்கொள்ளுங்கள் என்கிறேன். "தம்பி, இறங்கித் தள்ளிக்கொண்டு வா" என்று சொல்லுங்கள்.

ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் நகரத்தில், மெட்ரோ ஓடும் கனகபுரா சாலையிலிருந்து கொஞ்ச நேரம் மிதித்தால் இப்படியொரு ஒற்றையடிப்பாதை வந்துவிடும் என்பதை வெளியூர் நண்பர்கள் நம்ப மறுக்கிறார்கள். நந்தி மலைக்குப் போனால் தார்ச்சாலை ஏற்றம் இருக்கிறது. சவனதுர்காவைச் சுற்றினால் கிராமத்து மண்சாலைகள் இருக்கின்றன. இரண்டும் நல்லவைதான். ஆனால் மரங்களுக்குள், ஒரு சக்கரம் மட்டும் போகும் அகலத்தில், பாறையும் வேரும் சரளையும் மாறி மாறி வரும் பாதை வீட்டுக்கு அருகில் கிடைப்பது கொடுப்பினை. அதற்குத் தகுந்தபடி நாம் நடந்துகொள்ள வேண்டும்.

பாதை சாதுவாகத்தான் தொடங்குகிறது. தைலமரத்தின் காய்ந்த இலைகள் மூடிக் கிடப்பதால் அடியில் இருப்பது தெரியாது. வேரும் இருக்கும், உருளும் கல்லும் இருக்கும். பிறகு மரங்கள் குறைந்து முட்புதர் இருபுறமும் நெருங்கும். ஹேண்டில்பாருக்கும் புதருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிகூட இராது. உண்ணிச்செடி முழங்கையைக் கீறும். நெருஞ்சி டயரில் ஏறும். டியூப் இல்லாத டயரில் பஞ்சர் அடைக்கும் திரவத்தை ஊற்றிக்கொள்ளாதவர்கள் பாதி வழியில் வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து உட்கார்ந்திருப்பதைப் பல முறை பார்க்கலாம். கல்படிகளைக் கடந்து மேலே வந்தால் சாய்ந்து விரிந்த பாறை. வெயில் ஏறுவதற்குள் அங்கே போய்ச் சேர்ந்தால் காட்டின் விளிம்பு வரை வந்து நிற்கும் அடுக்குமாடிக் கட்டடங்கள் எல்லாத் திசையிலும் தெரியும். அதன்பின் சரளை இறக்கம். அங்கே முன் பிரேக்கை ஒரு விரலால் மட்டும் தொட வேண்டும். பின் பிரேக்கை இறுகப் பிடித்துச் சக்கரத்தைப் பூட்டி இழுத்துக்கொண்டு போவது ஓட்டுகிறவருக்கும் ஆபத்து, பாதைக்கும் கேடு.

இந்தச் சுற்றின் உயிர் அந்தக் கல்படிகளில்தான் இருக்கிறது. அங்கே வலிமையைவிட நிதானம்தான் உதவும். மிகத் தாழ்ந்த கியரில் வந்தால் பின்சக்கரம் வெறுமனே சுழன்று சரளையை வாரி இறைக்கும்; அதற்கு ஒன்றிரண்டு கியர் மேலே இருக்க வேண்டும். முன்சக்கரம் கல்லைத் தொடுவதற்குச் சற்று முன்பு, பெடல் மேலிருந்து முன்னோக்கி இறங்கத் தொடங்கும் நொடியில், உடலைப் பின்னால் கொண்டுபோய் முன்பக்கத்தை லேசாக்க வேண்டும். முன்சக்கரம் கல்லின் மேல் அமர்ந்ததும் மார்பு ஹேண்டில்பாரை நோக்கித் தாழ வேண்டும். அப்போதுதான் பின்சக்கரம் பாரமில்லாமல் ஏறிவரும். கால் நிற்கக் கூடாது. கண், ஏறிக்கொண்டிருக்கும் கல்லை விட்டுவிட்டு அடுத்த கல்லுக்குப் போயிருக்க வேண்டும். டயரில் காற்று இறுகியிருந்தால் கல்லில் வழுக்கும்; தார்ச்சாலைக்கு வைக்கும் காற்றில் ஏறத்தாழப் பாதி போதும். இவை எல்லாம் ஒரே நேரத்தில் கைகூடுவதற்கு மாதக்கணக்கில் பழக வேண்டும். கைகூடிய நாளில் வரும் மகிழ்ச்சியை ஓட்டியவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

பக்கத்திலேயே எளிய தடம் ஒன்று இருந்தால் இந்தப் பழக்கம் யாருக்கும் வராது. புதியவர் முதல் நாளே அதில் போவார், அடுத்த நாளும் அதிலேயே போவார். படி அப்படியே கிடக்கும், அதில் ஏறத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே போவார்கள்.

ஒரு முழம் வளைந்து போவதால் காட்டுக்கு என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நேர்மையான கேள்விதான், விரிவாகவே பதில் சொல்கிறேன். இந்த நகரம் உட்கார்ந்திருப்பது ஏறத்தாழ 300 கோடி ஆண்டுப் பழமையான பாறையின் மேல். லால்பாக்கில் குழந்தைகள் ஏறி விளையாடும் பாறை அதன் ஒரு துண்டு. தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. இங்குள்ள குன்றுகளில் பாறைக்கு மேல் இருக்கும் மண் மிக மெல்லியது. சில இடங்களில் ஒரு சாண், சில இடங்களில் விரல்நீளம் மட்டுமே. அந்த மண்ணைப் பிடித்து வைத்திருப்பவை புல்லின் வேரும் முட்செடியின் வேரும்தான். கல்படியின் மேல் எத்தனை சக்கரம் ஏறினாலும் கல் தாங்கும். சக்கரம் கல்லை விட்டுப் புல்லுக்கு நகரும் நொடியில்தான் சேதம் தொடங்குகிறது.

முதலில் புல் மடிந்து பழுக்கும். பிறகு வேர் அறும். மேல்மண் இறுகி நீரை உள்ளே விடாது. மழை வரும்போது, சரிவு முழுவதும் பரவி இறங்கிய நீர் இந்தத் தடத்தைக் கண்டதும் அதில் ஒன்றுசேரும். பாதை அமைப்பவர்கள் கடைப்பிடிக்கும் விதி ஒன்று உண்டு: பாதையின் சாய்வு, அது குறுக்கே கடந்துபோகும் மலைச்சரிவின் சாய்வில் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. அந்த அளவுக்குள் இருந்தால்தான் நீர் பாதையைக் குறுக்காகக் கடந்து கீழே போகும். மீறினால் நீர் பாதையோடே ஓடத் தொடங்கி அதை அறுக்கும். கல்படியைத் தவிர்க்கப் போட்ட தடங்கள் எல்லாம் சரிவை நேராகக் கிழித்துக்கொண்டு ஏறுபவை. அவை அந்த விதிக்குள் வரவே வராதவை. நீண்டகாலச் சராசரிப்படி பெங்களூரில் அதிக மழை பெய்வது செப்டம்பரில். ஆவணி, புரட்டாசி மாலைகளில் ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்க்கும் மழை எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட சில மழைகள் போதும், அந்தத் தடம் சக்கரம் புதையும் பள்ளமாகிவிடும். அடியில் மூடியிருந்த கற்கள் தலைதூக்கும். எளிதாக இருக்கும் என்று போட்ட வழி, பழைய படியைவிடக் கடினமாகிவிடும். உடனே யாரோ ஒருவர் அதற்கும் ஓரமாகப் போவார். இடையில் எஞ்சி நின்ற மண்ணும் கரையும். ஒற்றையடிப்பாதை இருந்த இடத்தில் லாரி போகும் அகலத்துக்குச் செம்மண் வெட்டவெளி கிடக்கும். அதில் ஓட்டுவதற்கு எதுவும் இராது, காடும் இராது.

நடப்பவர்களைவிட சைக்கிள் காட்டுக்கு அதிகத் தீங்கு செய்வதில்லை என்று நாம் எல்லா இடத்திலும் வாதாடுகிறோம். அதற்கு ஆதாரமும் இருக்கிறது. கனடாவின் ஒன்டாரியோ மாநிலக் காடு ஒன்றில் ஒரே மாதிரியான தடங்களை ஒதுக்கி, சிலவற்றில் நடந்தும் சிலவற்றில் சைக்கிள் ஓட்டியும் 500 முறை வரை சோதித்துப் பார்த்தார்கள். 2001இல் வெளியான அந்த ஆய்வில், செடிகளுக்கும் மண்ணுக்கும் நேர்ந்த சேதத்தில் இரண்டு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று தெரிந்தது. நாம் மேற்கோள் காட்டுவது இந்தப் பாதியை மட்டும்தான். அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது: சேதம் பெரும்பாலும் தடத்தின் நடுப்பகுதிக்குள் அடங்கியிருந்தது. எல்லோரும் ஒரே கோட்டில் போகும்வரைதான் அந்த ஆய்வு நமக்குத் துணை நிற்கும். ஆளுக்கொரு கோடு போட்டுவிட்டு அதைக் காட்டி வாதாட நமக்கு உரிமையில்லை.

மண்ணோடு முடிவதுமில்லை. கௌதாரி முட்புதருக்கு அடியில் தரையில் முட்டையிடுகிறது. ஆள்காட்டி சரளைத் தரையில் ஒரு சிறு குழி பறித்து, கூழாங்கல்லோடு கூழாங்கல்லாகக் கலந்துவிடும் நிறத்தில் முட்டைகளை வைக்கும். கோடையில், நாம் அதிகமாக ஓட்டும் அதே மாதங்களில், அவை அடைகாக்கின்றன. தாய்ப்பறவை தலைக்கு மேல் வட்டமிட்டுக் கத்துவதைப் பார்த்திருப்பீர்கள். பாதையை விட்டு விலகிய சக்கரத்தின் கீழ் என்ன நசுங்கியது என்பது ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது. இது என்னை வருத்தும் அளவுக்கு வேறு எதுவும் வருத்துவதில்லை.

2021இன் தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். 600 ஏக்கருக்குச் சற்றுக் குறைவான இந்தக் காட்டில் மரப் பூங்கா அமைக்கத் திட்டம் வந்தபோது, நடைப்பயிற்சிக்கு வருபவர்கள், பறவை பார்ப்பவர்கள், சுற்றுவட்டாரக் குடியிருப்புவாசிகள், சைக்கிள் ஓட்டுபவர்கள் எல்லோரும் சேர்ந்து எதிர்த்தார்கள். இந்தக் காட்டைப் பூங்காவாக்க வேண்டாம், இருப்பது இருந்தபடியே இருக்கட்டும் என்பதுதான் கோரிக்கை. திட்டம் நிறுத்தப்பட்டது. அது இந்த ஊர் மக்கள் ஒன்றுகூடிப் பெற்ற வெற்றி. புதிதாக எதையும் வெட்டாதீர்கள் என்று அரசிடம் கேட்டவர்கள், நம் சக்கரங்கள் புதர்களை வெட்டிக்கொண்டு போவதைப் பார்த்தும் பாராமல் இருப்பது எப்படிச் சரியாகும்? மண்வாரி இயந்திரம் ஒரு நாளில் செய்வதை நாம் ஓராண்டில் செய்கிறோம். வேகம்தான் வேறு.

பாதைகள் நம் கையை விட்டுப் போகவும் கூடும். மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டும் விளையாட்டு உருவான இடம் கலிபோர்னியாவில் டமால்பாய்ஸ் மலையைச் சுற்றிய பகுதி. 1976இல் அங்கே ஒரு குன்றின் மண்சரிவில், கனத்த பழைய வண்டிகளில், பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக்கோடு பந்தயம் நடத்தினார்கள். கீழே வந்து சேர்வதற்குள் பிரேக்கின் கிரீஸ் சூடேறிப் புகைந்து தீர்ந்துவிடும். மறுபடி அடைத்துக்கொண்டுதான் அடுத்த முறை இறங்க முடியும். அங்கிருந்து தொடங்கிய விளையாட்டு 20 ஆண்டுகளில், 1996இல், அட்லாண்டா ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. ஆனால் பிறந்த மலையிலேயே, 1980களில் நடப்பவர்களோடும் குதிரையில் வருபவர்களோடும் மோதல் முற்றி, ஒற்றையடிப்பாதைகள் பெரும்பாலும் சைக்கிளுக்கு மூடப்பட்டன. அகன்ற மண்சாலைகள் மட்டும் எஞ்சின, அவற்றிலும் மணிக்கு 15 மைல், அதாவது ஏறத்தாழ 24 கி.மீ., வேக வரம்போடு. அங்கேயே அப்படி நடந்ததென்றால் இங்கே நடக்க எவ்வளவு நேரம் ஆகும்? இங்கே நிலம் வனத்துறையுடையது. எந்த நேரத்தில், எந்தப் பாதையில், எந்த நாளில் அனுமதி என்பதை அவர்கள்தான் முடிவு செய்கிறார்கள். அனுமதி இல்லாத நாளில் வேலி இடுக்கில் வண்டியை நுழைத்து உள்ளே போவது துணிச்சல் அல்ல, மற்ற எல்லோருடைய வாய்ப்பையும் பறிப்பது. பன்னேர்கட்டா தேசியப் பூங்காவின் எல்லைக்குள் புதிய பாதை தேடிப் போவதைப் பற்றி அவ்வப்போது யாராவது பேசுகிறார்கள். அது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். யானையும் சிறுத்தையும் நடமாடும் காடு அது. அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

புதியவர்கள் படியில் விழுந்து கை முறித்துக்கொள்ளலாமா என்று ஒரு அண்ணன் என்னிடம் கேட்டார். அவருடைய கவலை எனக்குப் புரிகிறது. நான் யாரையும் விழச் சொல்லவில்லை. இறங்கச் சொல்கிறேன். இறங்கி, வண்டியைத் தோளில் போட்டோ தள்ளியோ அந்தப் படிகளைக் கடக்க அரை நிமிடம்கூட ஆகாது. உலகக் கோப்பைப் பந்தயங்களிலேயே சேறும் செங்குத்தும் மிகுந்த ஏற்றங்களில் முன்னணி வீரர்கள் வண்டியோடு ஓடுகிறார்கள். அவர்களுக்கு இல்லாத தயக்கம் நமக்கு எதற்கு? பின்னால் வருபவர் அவசரப்படுத்தினால் ஓரமாக ஒதுங்கி நில்லுங்கள், ஒரே இடத்தில் காலை ஊன்றி நில்லுங்கள். மேலே போனபின் திரும்பி வந்து இன்னொரு முறை முயலுங்கள். நன்றாக ஓட்டத் தெரிந்தவர்கள் படியின் ஓரத்தில் நின்று, புதியவரின் வண்டியைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு கற்றுக்கொடுங்கள்.

ஓட்டும் நேரத்தைப் பதிந்து மற்றவர்களோடு ஒப்பிட்டுக் காட்டும் ஸ்ட்ராவா செயலியில் நேரத்தைக் குறைப்பதற்காக வளைவின் உட்புறத்தில் புதரை ஏறி மிதித்துக்கொண்டு போகிறவர்களிடம் நான் கனிவாகப் பேசத் தயாராக இல்லை. பாதையைச் சுருக்கி எடுத்த நேரம் அந்தப் பாதையின் நேரமே அல்ல. அப்படி எடுத்த முதலிடத்தை நண்பர்கள் பாராட்டுவதை நிறுத்தினாலே பாதிப் பேர் திருந்திவிடுவார்கள்.

மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மண் டயரில் அப்பிக்கொண்டு வருகிறதென்றால் அன்று திரும்பிவிடுங்கள். ஈர மண்ணில் விழும் தடம் காய்ந்தபின் அப்படியே இறுகி, அடுத்த மழையின் நீரை வழிநடத்தும். செம்மண் சரளை சீக்கிரம் வடியும், பெரும்பாலும் ஒரு நாள் பொறுத்தால் போதும். பாதையில் நீர் தேங்கியிருந்தால் அதன் நடுவிலேயே போங்கள். வண்டி அழுக்காகும், கழுவிக்கொள்ளலாம். ஓரமாகப் போனால் அந்தக் குட்டை ஒவ்வொரு மழைக்கும் அகலும்.

இனி செய்ய வேண்டியது. ஏற்கெனவே விழுந்த தடங்களை மூட வேண்டும். தடம் தொடங்கும் இடமும் முடியும் இடமும் கண்ணுக்குத் தடமாகத் தெரியாமல் போனால் யாரும் அதில் திரும்ப மாட்டார்கள். நடுவில் மெல்லப் புல் வந்துவிடும். இதற்குக் காய்ந்த உண்ணிச்செடிக் கிளைகளைப் பரப்பினால் போதும். பழம் உதிர்ந்த கிளைகளாகப் பார்த்து எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் களையையே நாம் விதைத்தவர்களாவோம். பள்ளமாகிவிட்ட இடங்களில் குறுக்கே கற்களை அடுக்கி நீரின் வேகத்தைத் தடுக்க வேண்டியிருக்கும். ஆனால் இதில் எதையும் நாமாகச் செய்யக் கூடாது. வனத்துறை நிலத்தில் ஒரு கிளையை வெட்டவும் ஒரு கல்லை நகர்த்தவும் அவர்களுடைய அனுமதி வேண்டும். அவர்கள் மேற்பார்வையில், அவர்கள் சொல்லும் நாளில், நாம் கையாட்களாகப் போவோம் என்று கேட்டு ஒரு மனு கொடுக்கலாம் என்றிருக்கிறேன். எந்தெந்த இடத்தில் தடம் பிரிகிறது என்பதற்கான படங்களும் வரைபடமும் அதோடு இணைக்கப்படும். கன்னடம் எழுதத் தெரிந்த நண்பர் ஒருவர் வரைவைத் தயாரித்துக்கொண்டிருக்கிறார். செப்டம்பர் மழைக்கு முன்பு வேலை முடிந்தாக வேண்டும் என்பதால் ஜூன் மாதத்துக்குள் மனுவைக் கொடுத்துவிட எண்ணம்.

குழுவாக வருபவர்களை நடத்திச் செல்லும் மூத்தவர்கள் முதலில் கையொப்பமிட வேண்டும் என்பது என் விருப்பம். உங்கள் பேச்சைத்தான் மற்றவர்கள் கேட்கிறார்கள். தாள் என்னிடம் இருக்கும். ஞாயிறு ஓட்டம் முடிந்து வாசலுக்கு எதிரே டீ குடிக்கக் கூடும்போது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
பனசங்கரியிலிருந்து உங்களோடு ஓட்டும் ஒருவன்